இறக்கத்தில் டீச்சர்

டீச்சரை உட்கார வைப்பது எங்கள் பள்ளியில் யாராலும் முடியாத காரியமாக இருந்தது. பிள்ளைகளின் நோட்டுகளை ஜன்னலோரம் நின்றுகொண்டே திருத்துவார். மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் ஏந்தி, ஆசிரியர் அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். கூட்டத்தில் தலைமையாசிரியர், "உக்காருங்க டீச்சர்" என்றால், "உக்காந்துட்டேன் சார், நீங்க சொல்லுங்க" என்று நின்றபடியே பதில் வரும். சார் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

கோலா கிளாவாங்குக்கு அப்பால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த சின்னத் தமிழ்ப்பள்ளி அது. எனக்கு அங்கே மாற்றல் வந்தபோது சிரம்பானில் குடியிருந்தேன். சொந்தக் கார் கிடையாது. "டீச்சரும் சிரம்பான்லேருந்துதான் வராங்க. அவங்களோட தொத்திக்குங்க" என்றார் சார். சொல்லிவிட்டு என்னவோ மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு மறுநாள் காலையில் விளங்கியது.

நான் அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி வந்தபோது, இன்ஜினை ஓடவிட்டுக் கதவைத் திறந்து போட்டு, காரைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார் டீச்சர். ஏறக்குறைய என் வயதுள்ள ஜப்பான் டர்போ கார். பின்னால் இறக்கை, முன்மூடியில் காற்று வாங்க ஒரு வாய். பஞ்சாபி சூட்டும் தலைநிறையப் பூவுமாக, நாற்பதைத் தாண்டிய ஒரு தமிழாசிரியை அதை ஓட்டுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சாலை விளக்கில் நிற்கும்போது பக்கத்துக் கார்ப் பையன்கள் கண்ணாடியை இறக்கி ஆவலோடு எட்டிப் பார்ப்பார்கள். டீச்சர் ஒரு பார்வை பார்ப்பார். கண்ணாடி மேலே ஏறிவிடும்.

வழியில் இருந்த புக்கிட் தங்கா மலையில் கார் ஏறியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சீட்டோடு சேர்த்து யாரோ என்னை அழுத்தியது போல இருந்தது. உச்சியைத் தாண்டியதும், இனி இறக்கத்தில் என்ன ஆகப்போகிறதோ என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. கார் தவழ ஆரம்பித்தது. இரண்டாவது கியர், பிரேக்கிலிருந்து எடுக்காத கால். பின்னால் லாரி, பஸ், காய்கறி வேன் என்று வால் நீண்டது. ஹாரன் சத்தம் காதைத் துளைத்தது. டீச்சர் ஜன்னல் வழியே கையை நீட்டி, போ போ என்று எல்லாரையும் அனுப்பினார். ஒரு கிழவர் பழைய மோட்டார் சைக்கிளில் வாழைத்தாரோடு எங்களைத் தாண்டிப் போனார்.

"என்ன டீச்சர், ஏத்தத்துல அப்படிப் பறந்தீங்க?"

"ஓட்டறது யாரும் ஓட்டுவாங்க லா" என்றார். "நிறுத்துறதுதான் வேலை."

அந்த வார்த்தையைப் பிறகு எத்தனையோ முறை கேட்டேன். வகுப்பில் வேகமாக வாசிக்கும் பிள்ளையிடமும் அதையேதான் சொல்வார்: "ஓடாத, புள்ளி வந்தா நில்லு."

இவ்வளவு அவசரக்காரர் ரெம்பாவுக்கு மட்டும் ரயிலில் போவார். அங்கே அவருடைய தம்பி இருந்தார். மாதம் ஒருமுறை, பை நிறையப் பலகாரத்தோடு போய் மாலையிலேயே திரும்பிவிடுவார். "காடியிலேயே போலாமே டீச்சர்?" என்று கேட்டேன். காரைத்தான் இங்கே காடி என்போம். "ரயில்னா நடக்கலாம்" என்றார். ரயில் பெட்டிக்குள் அவர் நடந்துகொண்டிருப்பதை நினைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்த வருடம் கார் நடுங்க ஆரம்பித்தது. பிரேக் போட்டால் ஸ்டியரிங் டீச்சரின் கையில் உதறும். சிரம்பானில் அவர் வழக்கமாகப் போகும் சீன மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த இரும்புத் தட்டைக் காட்டினார். பிரேக் பிடிப்பது அந்தத் தட்டைத்தான். அதை டிஸ்க் என்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து அதன் விளிம்பு சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு போல எழும்பி நின்றது. "சிக்கு, இனி தக் போலே லா" என்று கையை விரித்தார் மெக்கானிக். இது இனி உதவாது டீச்சர், மாற்றியே ஆகவேண்டும் என்று பொருள்.

ஒரு மணி நேர வேலை என்று நான் நினைத்தேன். டீச்சருக்கு அது மாதக்கணக்கில் இழுத்தது.

அந்தக் காருக்கு அசல் டிஸ்க் இப்போது வருவதில்லை. வேறு கம்பெனிகள் செய்வது உண்டு. வெறும் தட்டாக ஒன்று, மேலே கோடு கிழித்தது ஒன்று, முழுக்க ஓட்டை போட்டது ஒன்று. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களிலிருந்து கழற்றியதும் கிடைக்கும். சனிக்கிழமை வந்தால் டீச்சர் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சிரம்பானில் ஒரு கடை, நீலாயில் இரண்டு கடை, பழைய உதிரிபாகம் குவிந்து கிடக்கும் ஒரு கொட்டகை. எங்கே போனாலும் கேள்விதான். சூடானால் வளையுமா? மழையில் பிடிக்குமா? வெடிக்குமா? கடைக்காரர் எதைச் சொன்னாலும், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்து, "அவனுக்கு ஒண்ணும் தெரியல" என்பார்.

ஒருமுறை கோடு கிழித்த டிஸ்க்கை வாங்கியே விட்டார். துண்டில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்து ஆசிரியர் அறை மேசையில் வைத்தார். போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்தார். தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார். மறுநாள் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னொரு முறை வெறும் டிஸ்க்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் வேண்டாம் என்றார். நீலாயில் ஒரு கடைக்காரர் எங்கள் கார் வருவதைக் கண்டாலே பின்கட்டுக்குப் போய்விடுவார். டர்போ சத்தம் நல்ல வசதி, தூரத்திலேயே கேட்டுவிடும்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அந்த ஒரு கடைக்குப் போகும்வரை. புதுக் கடை. விற்பனையாளர் நல்ல பையன். சிவப்புப் பெட்டியைத் திறந்து, முழுக்க ஓட்டை போட்ட டிஸ்க் ஒன்றை விளக்குக்கு நேராகப் பிடித்தான். வெள்ளித் தட்டில் வெளிச்சம் துளித்துளியாக வழிந்தது. "அழகு பாருங்க ஆன்ட்டி. ரிம்முக்கு உள்ள மின்னும்" என்றான்.

டீச்சர் அந்த ஓட்டைகளையே பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. திரும்பி நடந்தார். கைப்பை கடைமேசையிலேயே கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு ஓடினேன். கார் நிறுத்திய இடத்தையும் தாண்டி அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கூப்பிட்டுத் திருப்பினேன். அப்போதுதான் முதல்முறையாக, நான் யாருடைய காரில் தினமும் மலை இறங்குகிறேன் என்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது.

கார் மேலும் மோசமாகிக்கொண்டே வந்தது. எதையாவது ஒன்றைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். "எதையாவது போடறதுக்கா இவ்வளவு அலையறேன்?" என்று சீறினார்.

மழை விட்ட ஒரு மத்தியானம். பள்ளி முடிந்து சிரம்பான் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். வழக்கம் போலத் தவழ்ந்துதான் வந்தோம். ஒரு வளைவு திரும்பியதும், செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று பழுதாகி நடுரோட்டில் நின்றது. டீச்சர் பிரேக்கை மிதித்தார். ஸ்டியரிங் உதறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கார் எதுவுமே நடக்காதது போலப் போய்க்கொண்டே இருந்தது.

"பிடிக்கல" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "பிடிக்கல, பிடிக்கல."

பெடலை மறுபடி மறுபடி மிதித்தார். முதல் கியருக்கு இழுத்தார். இன்ஜின் அலறியது. கைபிரேக்கை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது லாரியின் பின்பலகை என் முகத்துக்கு நேரே இருந்தது. குலைகளின் முள் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழையலாம். முன்சக்கரம் இரண்டிலிருந்தும் புகை வந்தது. ரப்பர் எரிந்தது போல ஒரு நாற்றம்.

லாரிக்காரர் ஓடிவந்தார். "ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டார். டீச்சர் இறங்கி ரோட்டோரம் மேலும் கீழும் நடக்க ஆரம்பித்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சற்று நேரம் கழித்து அவர் பக்கத்தில் போனேன்.

"நாளையிலேருந்து நான் பஸ்ல வரேன் டீச்சர்."

"பஸ்ஸோட பிரேக்க யாரு பாத்தா?" என்றார். சொன்னவர் சட்டென்று நின்றார். "இது என் காடி இல்ல. என் தம்பி காடி."

நடந்துகொண்டே சொன்னார். தம்பிக்குக் கார் என்றால் உயிர். அவர் நிச்சயதார்த்தத்துக்கு டீச்சர் ஒரு பரிசு வாங்கிக் கொடுத்தார். ஓட்டை போட்ட டிஸ்க், முன்சக்கரத்துக்கு ஒரு ஜோடி. "அழகா இருந்துச்சு லா. கடையில விளக்குல காட்டுனான். வேற ஒண்ணுமே கேக்கல நான்." கல்யாணத்துக்கு முன்பாகவே, இதே மலையில், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் விரிசல் விட்டு டிஸ்க் உடைந்தது. கார் மலைச்சுவரில் மோதியது. தம்பிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"காடிய இரும்புக் கடையில போட்டுட்டேன்னு அவன்கிட்ட சொன்னேன். போடல. நீலாய்ல குடுத்து நேராக்கி நானே வச்சிக்கிட்டேன்."

"எதுக்கு டீச்சர்?"

"இந்த இறக்கத்துல இந்தக் காடிய நிறுத்திப் பாக்கணும்" என்றார். "தெனம்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அவரிடமிருந்து தள்ளி நிற்கவும் தோன்றியது. ஒன்றை மட்டும் கேட்டேன். "இத்தனை கடை ஏறி இறங்குனீங்களே, உங்க தம்பிகிட்ட கேட்டீங்களா?"

நான் கன்னத்தில் அறைந்தது போல என்னைப் பார்த்தார்.

கார் ஆறியதும் பெடல் கொஞ்சம் கெட்டிப்பட்டது. மெல்ல மெல்ல அடிவாரம் வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை. "கொஞ்சம் நேரமாகும், பரவால்லையாம்மா?" என்று கேட்டார். ரெம்பாவ் சாலை சமதரை. நான் சரி என்றேன்.

தம்பி வீட்டிலேயே கைப்பேசி பழுது பார்ப்பவர். நாங்கள் சந்து திரும்பும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார், ஒரு கையில் தடி, நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடி. காரைப் பார்த்து வந்தவர் அல்ல, சத்தத்தைக் கேட்டு வந்தவர். கார் நின்றது. டீச்சர் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றார். தம்பி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது பக்க முன்மூலையை, புது பெயின்ட் அடித்த இடத்தை, உள்ளங்கையால் தடவினார்.

"செத்துப்போச்சுன்னு சொன்னியே அக்கா."

தம்பி சிரமப்பட்டுக் குனிந்து, சக்கரக் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டார். மோந்து பார்த்தார். மத்தியானம் நடந்ததை நான்தான் சொன்னேன்.

"பெடல் கீழ போயிடுச்சா? பிரேக் எண்ணெய எப்ப மாத்துன?"

"எண்ணெயா?" என்றார் டீச்சர்.

"ஆமா, எண்ணெய். பழசானா சூட்டுல கொதிச்சிரும். கொதிச்சா எந்த டிஸ்க்கப் போட்டாலும் பிடிக்காது." பிறகு என்னைப் பார்த்து, "இறக்கத்துல அக்கா கால எடுக்காம வருதா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். "அலமாக், அக்கா! நீ பயந்து பயந்து மிதிச்சே எரிச்சிருக்க. கியர்ல விடு, தேவைப்பட்டா மிதி, விட்டுரு. இது டிஸ்க்கோட கோளாறு இல்ல, உன் காலோட கோளாறு."

கால் என்ற சொல் வந்ததும் டீச்சரின் பார்வை அவருடைய பொய்க்காலுக்குப் போனது. தம்பியும் அதைக் கவனித்தார். தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"அது உடையறதுக்கு முன்னாடியே டக்டக்னு சத்தம் வந்துச்சுக்கா. நாள்கணக்கா கேட்டேன். கழட்டிப் பாக்கணும்னு தெரியும். கூட்டாளிங்களோட மலையில ஓட்டறதா பேச்சு, அது முடியட்டும்னு விட்டேன். விரிசல் விட்டது டிஸ்க்குதான். ஓட்டுனது நான்."

அழுவார் என்று நினைத்தேன். டீச்சருக்கு வந்தது கோபம். பூ உதிர, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல? நான் தெனம் தெனம் செத்துக்கிட்டிருக்கேன், ஏன்டா சொல்லல?"

"நீ எங்க உக்காந்த, சொல்றதுக்கு?" என்றார் தம்பி. அவருக்கும் குரல் உயர்ந்தது. "வர்ற, பலகாரத்த வைக்கிற, நடக்கிற, ரயிலுக்கு நேரமாச்சுங்கற. உன் முதுகுகிட்டயா சொல்றது?"

பக்கத்து வீட்டு மலாய் அம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். நான் காரின் மறுபக்கம் போய் நின்றுகொண்டேன். இருவரும் நெடுநேரம் கத்திக்கொண்டார்கள். நடுவில் தம்பி, "ஓட்டையும் வேணாம், கோடும் வேணாம். வெறும் டிஸ்க்க போடு. நல்ல கனமா பாத்து வாங்கு" என்றார். அதையும் சண்டையோடு சண்டையாகத்தான் சொன்னார். அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு, டீச்சரும் நானும் ரயிலில் திரும்பினோம். பெட்டிக்குள் அவர் நடக்கத்தான் செய்தார்.

டிஸ்க்கை வாங்கியது தம்பிதான், போனிலேயே. மாட்டியது அதே சீன மெக்கானிக். எண்ணெயும் மாறியது. புது டிஸ்க்கைப் பழக்க வேண்டும் என்றார் தம்பி. மழை வராத ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து மூவரும் மலை தாண்டிப் போனோம். எங்கள் பள்ளிக்குப் போகும் தோட்டச் சாலை ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் செம்பனை. தம்பி முன்சீட்டில், நான் பின்னால்.

"வேகம் எடு. இப்ப மிதி, மெதுவா. நிக்காத! நிக்காம விடு."

டீச்சர் ஒவ்வொரு முறையும் காரை முழுக்க நிறுத்திவிட்டார்.

"சூட்டோட நிறுத்துனா டிஸ்க்ல கறை புடிச்சிரும், மறுபடி உதறும். கொறச்சிட்டு விட்டுரு. ஓடட்டும்."

"விட்டா போயிடுமேடா!"

"போகட்டும். காடின்னா போகத்தான் செய்யும்."

பல தடவை முயன்ற பிறகு ஒருமுறை கால் சரியான நேரத்தில் விலகியது. கார் குனிந்து, வேகம் குறைந்து, தலை நிமிர்ந்து மறுபடி ஓடியது. ஸ்டியரிங் அசையவில்லை. தம்பி ஒன்றும் பாராட்டவில்லை. "இன்னொரு தடவ" என்றார்.

பிறகு மலை. இறக்கத்தில் டீச்சரின் தோள்கள் காது வரை ஏறிவிட்டன.

"கால எடு அக்கா."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல. காடி மூக்கு கீழதான் இருக்கு."

எடுத்தார். இன்ஜின் முனகலோடு கார் தானாகவே வேகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. வளைவுக்கு முன்னால் ஒரு மிதி, விடுதல். அடுத்த வளைவு, ஒரு மிதி, விடுதல். ஒரு வளைவில், பாசி படிந்த மலைச்சுவரைக் காட்டி, "இங்கதான்" என்றார் தம்பி. ஒரு கடையைக் காட்டுவது போலச் சொன்னார். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. காரும் நிற்கவில்லை.

அடிவாரத்தில், தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ் விற்கும் மரத்தடியில் ஓரங்கட்டினோம். தம்பி இறங்கி, சக்கரத்துக்குப் பக்கத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கதவைத் திறந்தபடியே சீட்டில் அமர்ந்து பொய்க்காலை வெளியே நீட்டிக்கொண்டார். டீச்சர் இன்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை இன்னும் இறங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்கி ரொம்ப வலிச்சுதாடா?"

தம்பி முதலில் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"ரொம்பக்கா" என்றார்.

எனக்குச் செண்டோல் பிடிக்காது. ஆனாலும் இறங்கிப் போய் மூன்று சொன்னேன். வாங்கிக்கொண்டு அங்கேயே வெயிலில் நின்றேன். காருக்குள் தம்பி கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் அவர் பக்கம் முழுக்கத் திரும்பியிருந்தார். என் கையில் இருந்த மூன்று கிண்ணத்திலும் பனிக்கட்டி கரைந்து தண்ணீரானது. அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.